மூக்கில் ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன்

ஐதராபாத்தில் மௌலா அலி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெரிய பாறைக் குன்று ஒன்று உண்டு. குன்றின் உச்சியில் தர்கா இருக்கிறது. படி ஏறித்தான் போக வேண்டும். கீழே ரயில்வே ஸ்டேஷன் உண்டு. ரயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஷெட் உண்டு. நெருக்கமாக வீடுகளும் பட்டறைகளும் உண்டு.

பக்கத்திலுள்ள செகந்திராபாத் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. மௌலா அலியில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் தச்சு வேலை செய்கிறார். மனைவி வீட்டில் தையல் தைக்கிறார். இரண்டு பிள்ளைகள்.

தச்சருக்கு எந்நேரமும் மூக்கடைப்பு. இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். குறட்டை விடுவார். காலையில் எழுந்தால் முகம் கனக்கும். தொண்டைக்குள் சளி இறங்கும். "மரத்தூள் மூக்குல போகுது, வேற ஒண்ணும் இல்லை" என்பார். மருந்துக்கடையில் மூக்குச் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார். ஒரு வருடமாக இதுதான் வைத்தியம்.

ஒருநாள் அடுப்பில் கேஸ் கசிந்தது. தச்சர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் போனார். மனைவி வெளியிலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"என்னங்க, இவ்வளவு நாத்தம் அடிக்குதே, தெரியலையா?"

தச்சருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. எத்தனை மாதமாகத் தெரியவில்லை என்று அவருக்கே நினைவில்லை. அன்றுதான் இருவரும் பயந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பார்த்தார். "மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது. மருந்து தருகிறேன். அதில் சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்றார்.

ஆபரேஷன் என்றதும் தெருவே பேசியது. "மூக்குல கத்தி வச்சா கண்ணு போயிடும்" என்றார் ஒரு பாட்டி. "ஒரு தடவை பண்ணினா வருஷா வருஷம் பண்ணணும்" என்றார் ஒருவர். "மூஞ்சியே கோணிப் போகும்" என்றார் மற்றொருவர்.

இதில் எது உண்மை? எது பொய்? தெரிந்துகொள்வோம்.

மூக்கின் வேலை

மூக்கு மூச்சு விட மட்டும் அல்ல. நாம் இழுக்கும் காற்றில் தூசி இருக்கும். கிருமி இருக்கும். மூக்கு அதை வடிகட்டுகிறது. குளிர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. வறண்ட காற்றை ஈரமாக்குகிறது. பிறகுதான் நுரையீரலுக்கு அனுப்புகிறது. வாயால் மூச்சு விட்டால் இந்த வேலைகள் சரியாக நடக்காது.

மூக்கின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. இதை மூக்குத் தண்டு என்பார்கள். முன்பக்கம் குருத்தெலும்பு. பின்பக்கம் எலும்பு. இந்தச் சுவர் பலருக்கும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். அதனால் தொல்லை இல்லை என்றால் வைத்தியம் தேவையில்லை. அதிகமாக வளைந்தால் ஒரு பக்கம் மூச்சு அடைபடும்.

சைனஸ் என்றால் என்ன?

பலர் "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்கிறார்கள். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயர் அல்ல. முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்று அறையின் பெயர்.

இந்த அறைகள் 4 ஜோடி. நெற்றியில் ஒரு ஜோடி. இரு கண்களுக்கும் நடுவே ஒரு ஜோடி. கன்னங்களில் ஒரு ஜோடி. மூக்கின் பின்னால், மண்டையின் உள்ளே ஒரு ஜோடி.

ஒவ்வோர் அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் சின்ன வாசல் உண்டு. அறையின் உட்சுவரில் சளி சுரக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் அந்தச் சளியை வாசலை நோக்கித் தள்ளும். வாசல் அடைத்துக்கொண்டால் சளி தேங்கும். தேங்கிய சாக்கடையில் என்ன நடக்கும்? புழு பூச்சி சேரும் அல்லவா? அதுபோல் தேங்கிய சளியில் கிருமி சேரும். அறை வீங்கும். வலிக்கும். இதைத்தான் சைனஸ் அழற்சி என்கிறோம்.

சாதாரண ஜலதோஷத்திலும் இந்த அறைகள் வீங்கும். அது பெரும்பாலும் 10 நாளில் தானாகக் குறையும். மூக்கடைப்பு, சளி, முகக் கனம், வாசனை தெரியாமை ஆகியவை 12 வாரத்திற்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட நோய். அப்போது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லாத் தலைவலியும் சைனஸ் தலைவலி அல்ல. மூக்கடைப்பும் சளியும் இல்லாமல் தலைவலி மட்டும் வந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். கண் பார்வைக் குறையாகவும் இருக்கலாம். அதற்கு மூக்கில் ஆபரேஷன் செய்து பயன் இல்லை.

சதை வளர்ச்சி

சிலருக்கு மூக்கின் உள்தோல் நீண்ட நாள் வீங்கியே இருக்கும். வீங்கிய தோல் திராட்சைப் பழம்போலத் தொங்க ஆரம்பிக்கும். இதையே மூக்கில் சதை வளர்ச்சி என்கிறார்கள். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரே பக்கம் மட்டும் வளர்ந்தால், அல்லது அடிக்கடி ரத்தம் வந்தால், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

சதை வளர்ந்தால் காற்று மேலே போகாது. வாசனையை அறியும் நரம்பு மூக்கின் மேல்பகுதியில் இருக்கிறது. காற்று அங்கே போகாவிட்டால் வாசனை தெரியாது. தச்சருக்கு கேஸ் நாற்றம் தெரியாமல் போனது இதனால்தான்.

முதலில் மருந்து

சதை வளர்ச்சிக்கும் சைனஸ் அழற்சிக்கும் முதல் வைத்தியம் கத்தி அல்ல. முதலில் மருந்துதான்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். வீக்கம் குறைக்கும் ஸ்பிரே தருவார்கள். இந்த ஸ்பிரே உடனே வேலை செய்யாது. சில வாரம் தினமும் விடாமல் அடிக்க வேண்டும். "இரண்டு நாள் அடித்தேன், கேட்கவில்லை" என்று நிறுத்தக் கூடாது.

கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு. அதை விட்டதும் மூக்கு உடனே திறக்கும். ஆனால் 5 நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். மருந்து தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். மறுபடி மருந்து. மறுபடி அடைப்பு. தச்சர் ஒரு வருடம் இந்தச் சுழலில்தான் மாட்டியிருந்தார்.

மேல்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையானாலும் கன்னத்துச் சைனஸில் சீழ் பிடிக்கும். அப்போது பல்லையும் பார்க்க வேண்டும். பல்லை விட்டுவிட்டு மூக்குக்கு மட்டும் மருந்து போட்டால் நோய் தீராது.

இவ்வளவு செய்தும் குணமாகவில்லை என்றால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நோய்

சில நேரம் காத்திருக்கக் கூடாது. சைனஸ் நோயுடன் கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலை வந்தது. அப்போது கருப்புப் பூஞ்சை என்ற நோயும் பரவலாக வந்தது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களை அது அதிகம் தாக்கியது. பூஞ்சை மூக்கில் தொடங்கும். சைனஸுக்குள் போகும். அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும். முகம் வீங்கும். மூக்கில் கருப்பாகப் பொருக்கு வரும். பல் ஆடும்.

அந்த மே மாதத்தில் தெலங்கானா அரசு இந்த நோய்க்கு முதன்மை மருத்துவமனையாக ஐதராபாத் கோட்டியில் உள்ள அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனையை அறிவித்தது. நோயாளிகள் கூட்டமாக வந்தார்கள். பூஞ்சை தின்ற பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆம்போடெரிசின் என்ற மருந்தையும் ஊசி வழியாக ஏற்றினார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குப் பிழைக்க வழி அதிகம். தாமதித்தவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள். உயிரையும் இழந்தார்கள். "கத்தி வச்சா கண்ணு போயிடும்" என்று பாட்டி சொன்னார். இந்த நோயில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால்தான் கண் போகும்.

அன்றும் இன்றும்

மூக்கு வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிது அல்ல. அறுபட்ட மூக்கைச் சரி செய்யும் முறை சுசுருதர் எழுதிய பழைய மருத்துவ நூலில் உள்ளது.

1792இல் நடந்த மைசூர்ப் போரில் காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர் பிடிபட்டார். ஆங்கிலேயர் படைக்கு வண்டி ஓட்டியவர் அவர். திப்பு சுல்தானின் ஆட்கள் அவர் மூக்கையும் ஒரு கையையும் வெட்டினார்கள். பிறகு புனே பக்கத்தில் ஒரு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை எடுத்து மூக்கு செய்து வைத்தார். அந்த வைத்தியர் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். இதை ஆங்கில டாக்டர்கள் நேரில் பார்த்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814இல் லண்டனில் அதே முறையில் ஆபரேஷன் செய்தார்.

மயக்க மருந்து பற்றிய ஆராய்ச்சியிலும் ஐதராபாத்துக்குப் பெயர் உண்டு. 1888இலும் 1889இலும் குளோரோஃபார்ம் மருந்தை ஆராய இங்கே இரண்டு குழுக்கள் அமைந்தன. டாக்டர் எட்வர்ட் லாரி அவற்றை நடத்தினார். நிஜாம் பணம் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஐதராபாத்தில் மயக்க மருந்து கொடுத்தவர்களில் ரூபா பாய் ஃபர்துன்ஜி என்ற பெண்மணியும் ஒருவர். இன்று குளோரோஃபார்ம் கிடையாது. அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்துவிட்டன. மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருப்பார். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முன்பு கன்னத்துச் சைனஸைத் திறக்க மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வெட்டி, எலும்பில் துளை போடுவார்கள். கால்ட்வெல் என்ற அமெரிக்க டாக்டரும் லூக் என்ற பிரெஞ்சு டாக்டரும் 1890களில் சொன்ன முறை இது. கன்னம் வீங்கும். மரத்துப் போகும்.

பிறகு ஆஸ்திரியாவில் மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற டாக்டர் சளி எந்த வழியாக ஓடுகிறது என்று ஆராய்ந்தார். அறையைச் சுரண்ட வேண்டாம், அடைத்த வாசலைத் திறந்தால் போதும் என்று கண்டார். 1985இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடி என்ற டாக்டர் இந்த முறையை எழுதிப் பரப்பினார். இன்று பெரும்பாலும் எண்டோஸ்கோப் என்ற கருவியை வைத்து இந்த முறையில்தான் செய்கிறார்கள். எண்டோஸ்கோப் பென்சிலைவிட மெல்லிய குழாய். நுனியில் வெளிச்சம் இருக்கும். மூக்கின் உட்புறம் டி.வி. பெட்டியில் பெரிதாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்

முதலில் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு மரத்துப்போகும் மருந்து வைப்பார்கள். கூச்சம் இருக்கும். பெரிய வலி இருக்காது. பிறகு சி.டி. ஸ்கேன். இது டாக்டருக்கு ஊர் வரைபடம் மாதிரி. கண் எங்கே, மூளை எங்கே, வாசல் எங்கே என்று அதில் தெரியும். ரத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் பார்ப்பார்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை:

இளைப்பு நோய் இருக்கிறதா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா? அடிபட்டால் ரத்தம் நிற்காமல் வருமா? பீடி, சிகரெட், சாராயம் பழக்கம் உண்டா? இவை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இதய நோய்க்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும்.

பீடியை முன்கூட்டியே விட வேண்டும். புகை பட்டால் புண் ஆறாது.

ஆபரேஷன் நாளில் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். வழக்கமாகச் சாப்பாடு 6 மணி நேரத்திற்கு முன்பே நிறுத்த வேண்டும். எந்த நேரம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு மறைக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து.

கையெழுத்து

ஆபரேஷனுக்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது சம்மதத் தாள். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "இங்கே போடு" என்றால் போட்டுவிடுகிறார்கள். கைநாட்டு வைத்தாலும் அப்படித்தான்.

தச்சரின் மனைவி மாலை வகுப்பில் தமிழ் படிக்கக் கற்றவர். ஆனால் தாள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருந்தது. தெலுங்கு பேசத் தெரியும். படிக்கத் தெரியாது. அவர் கூச்சப்படவில்லை.

"சிஸ்டர், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. புரிஞ்ச பிறகு இவர் கையெழுத்துப் போடுவார்" என்றார்.

நர்ஸ் படித்துச் சொன்னார். டாக்டரம்மாவும் வந்து விளக்கினார்.

இப்படிக் கேட்பது உங்கள் உரிமை. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு நோயாளி தரும் சம்மதம்தான் சம்மதம்.

தச்சரின் மனைவி ஒரு துண்டுத் தாளில் தமிழில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தார். பதிலும் கிடைத்தது.

"கண்ணு போயிடுமா, டாக்டரம்மா?"

"கண்ணும் மூளையும் சைனஸுக்குப் பக்கத்துச் சுவர். அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மிக அபூர்வம். அதற்குத்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் செய்கிறோம். ரத்தம் வருவது, புண்ணில் சீழ் பிடிப்பது கொஞ்சம் பேருக்கு நடக்கும். அதற்கு வைத்தியம் உண்டு."

"மூஞ்சி கோணுமா?"

"வெளியே வெட்டுவதே இல்லை. எல்லாம் மூக்குத் துவாரம் வழியாகத்தான். முகத்தில் தழும்பு வராது."

"சதை திரும்ப வளருமா?"

"சிலருக்கு வளரும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயும் உப்பு நீரும் தொடர வேண்டும். தூசி ஒவ்வாமையை ஆபரேஷன் மாற்றாது. வேலையில் முகமூடி போட வேண்டும்."

"வாசனை திரும்ப வருமா?"

"பலருக்கு வரும். மெதுவாக வரும். எல்லோருக்கும் முழுதாக வரும் என்று உறுதி தர முடியாது."

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு தச்சர் கையெழுத்துப் போட்டார்.

பணம்

அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன. தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீ என்ற அரசுத் திட்டமும் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திராவில் 2007இல் தொடங்கியது. 2023 டிசம்பரில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தினார்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆரோக்கியமித்ரா என்ற உதவியாளர் இருப்பார். உங்கள் அட்டை செல்லுமா, உங்கள் ஆபரேஷன் திட்டத்தில் உண்டா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அதன் பிறகு கடன் வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

கூலி வேலை செய்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாது. தூசி வேலை, பளு வேலை என்றால் இன்னும் சில நாள் ஆகலாம். அந்த நாட்களுக்கு அரிசி பருப்பு முதலிலேயே சேர்த்து வையுங்கள். பணம் இல்லை என்று ஐந்தாம் நாளே மூட்டை தூக்கப் போனால் ரத்தம் கொட்டும்.

ஆபரேஷன் அன்று

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். ஒன்றும் தெரியாது. நோயைப் பொறுத்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகலாம். தண்டு வளைந்திருந்தால் உள்ளேயே தோலை விலக்கி நேராக்குவார்கள். சதை இருந்தால் எடுப்பார்கள். சைனஸ் வாசலைத் திறந்து விடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

கண் விழித்ததும் மூக்கு அடைத்திருக்கும். பயப்பட வேண்டாம். ரத்தம் வராமல் இருக்க மூக்கில் பஞ்சு வைத்திருப்பார்கள். வாயால்தான் மூச்சு விட வேண்டும். வாய் உலரும். டாக்டர் அனுமதித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கலாம். பஞ்சை ஒன்றிரண்டு நாளில் எடுப்பார்கள். எடுக்கும் நேரம் கொஞ்சம் வலிக்கும். சிலருக்குத் தானாகக் கரையும் பொருள் வைப்பார்கள். சிலருக்குப் பஞ்சே தேவைப்படாது. அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வீட்டில்

முதல் சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளி வரும். இது வழக்கம்தான். ஒன்றிரண்டு வாரம் மூக்கடைப்பு இருக்கும். "ஆபரேஷன் செய்தும் அடைக்கிறதே" என்று மனம் உடைய வேண்டாம். உள்ளே வீக்கம் இருக்கிறது. பொருக்கும் இருக்கிறது. அது குறையக் குறைய மூச்சு திறக்கும்.

செய்ய வேண்டியவை:

இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள்.
மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள்.
சொன்ன தேதியில் மறுபடி காட்டுங்கள். டாக்டர் பொருக்கைச் சுத்தம் செய்வார். இதற்குப் போகாவிட்டால் திறந்த வாசல் மறுபடி மூடிக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை:

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. விரல் விடக் கூடாது.
பளு தூக்கக் கூடாது. குனிந்து வேலை செய்யக் கூடாது. மௌலா அலி குன்றின் படிகளை ஏறுவதையும் தள்ளிப் போடுங்கள்.
முதல் சில நாள் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடக் கூடாது.
பீடி, சிகரெட் கூடவே கூடாது. மற்றவர் விடும் புகையும் ஆகாது.

உப்பு நீர் செய்யும் முறை

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு, அதாவது ஏறக்குறைய 240 மில்லி தண்ணீருக்கு, அரை டீஸ்பூன் உப்பு போதும். அயோடின் சேர்க்காத உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். தினமும் புதிதாகச் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரையோ தொட்டித் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது. அதில் அமீபா என்ற நுண்ணுயிர் இருந்தால் மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அபூர்வம்தான். ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

ரத்தம் நிற்காமல் கொட்டினால்.
கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால்.
கடுமையான தலைவலியும் காய்ச்சலும் வந்தால், கழுத்து விறைத்தால்.
குனியும்போது ஒரு மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாகச் சொட்டினால். இது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தச்சர் வீட்டில்

தச்சர் இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். மனைவி செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கடைசி வரியில் டாக்டரிடம் திரும்பப் போகும் தேதி இருந்தது. சின்னப் பிள்ளை தினமும் அதைப் படித்துக் காட்டியது. அப்பா தும்மும்போது, "வாயைத் திறப்பா!" என்று கத்தியது.

நான்காம் வாரம் ஒரு காலை. மனைவி தாளித்துக்கொண்டிருந்தார். தச்சர் திண்ணையில் இருந்தார்.

"பெருங்காயம் போட்டியா?" என்றார்.

மனைவி கரண்டியோடு வெளியே வந்து அவரைப் பார்த்தார்.

வாசனை இன்னும் முழுதாக வரவில்லை. சில நாள் தெரியும். சில நாள் தெரியாது. அதனால் ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடும் வேலையை மனைவிதான் பார்க்கிறார். தச்சர் முகமூடி கட்டிக்கொண்டு மரம் அறுக்கிறார். சொட்டு மருந்துப் பாட்டில் வீட்டில் இல்லை.

கூடிப் பேசுவோம்

1. சைனஸ் என்பது நோயா, உடம்பின் பாகமா?
2. கடையில் வாங்கும் மூக்குச் சொட்டு மருந்தை எத்தனை நாளுக்கு மேல் விடக் கூடாது? ஏன்?
3. சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?
4. உங்கள் தெருவில் ஆபரேஷன் பற்றிச் சொல்லப்படும் பயங்கள் எவை? அவற்றில் எது உண்மை?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகளை உங்கள் கையால் எழுதுங்கள். எழுதிய தாளை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.